பொறியியல் வகுப்பின் வாசல் யாருக்குத் திறந்தது?
தங்கவயலிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கூடுமிடத்தில் கோயில், மொழி, கல்யாணம் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு முடிந்ததும், அடுத்து எழும் பேச்சு ஒன்றே: "பையன் என்ன படிக்கிறான்? பொண்ணுக்கு எந்த காலேஜ்?" கேட்பவர் எதிர்பார்க்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றே. இஞ்சினியரிங், அதிலும் கம்ப்யூட்டர். ஆனால் அந்த வகுப்புக்குள் யார் யார், எந்த ஆண்டில், எந்த வழியாக நுழைந்தார்கள் என்பதை நாம் அதிகமாகப் பேசுவதில்லை. அதைத்தான் இக்கட்டுரையில் என்னால் இயன்ற அளவு தொகுத்துச் சொல்ல முற்படுகிறேன்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு கடையில் உட்கார்ந்தவன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம் எங்களுடையது. தகப்பனார் நந்திதுர்க் சுரங்கத்து லைன் வீடுகளை நம்பி இங்கே மளிகைக் கடை வைத்தார். அரிசி, பருப்போடு நோட்டுப் புத்தகமும் விற்றோம். எங்கள் சமூகம் சிறியதானாலும் வாணிகமும் எழுத்தறிவும் பரம்பரையாக வாய்த்தது. ஆகவே நான் எழுதுவது என் குறையை அல்ல. என் கடை வாசலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டதையும் நூல்களில் படித்ததையும்தான்.

சுரங்கமே ஒரு கல்லூரி

நந்திதுர்க் என்ற பெயர் இந்த மண்ணுக்கு உரியதல்ல. சிக்கபள்ளாப்பூர்ப் பக்கம் உள்ள நந்தி மலைக்கோட்டையின் பெயரைச் சுரங்கக் கம்பெனி தனக்குச் சூட்டிக்கொண்டது. 1880-ல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி கோலார் தங்கவயலுக்குள் வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்னும் நான்கும் பெரிய சுரங்கங்களாக வளர்ந்தன. 1902-ல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் உண்டாக்கிய மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி வழியாக இங்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று எனப் பெயர் பெற்றது. 1965-ல் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வளிமண்டல நியூட்ரினோ துகளின் தடயத்தை இந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் கண்டார்கள்.

இவ்வளவு பெரிய பொறியியல் வேலையைச் செய்த கைகள் யாருடையவை? பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாள் வாழ்வுக்கும் தப்பி வந்த ஆதிதிராவிடத் தமிழர்களுடையவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே 30,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். மேலே இங்கிலீஷ்கார இஞ்சினியர். நடுவில் ஆங்கிலோ-இந்திய, ஐரோப்பிய போர்மேன்கள். கீழே, பாறைக்கும் தூசிக்கும் பக்கத்தில், தமிழர். பாறை எந்தச் சத்தத்தில் வெடிக்கப் போகிறது என்பது காதால் அறிந்தவனுக்குத் தெரியும். முட்டுக்கட்டையை எங்கே கொடுக்க வேண்டும் என்பதும் கையால் அறிந்தவனுக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவுக்குச் சர்டிபிகேட் கிடையாது. சர்டிபிகேட் உள்ளவருக்கு பங்களா, மற்றவருக்கு லைன் வீடு. பொறியியல் வேலைக்கும் பொறியியல் படிப்புக்கும் நடுவே இருந்த பள்ளத்தின் அகலம் ஏறக்குறைய நூறு வருஷம்.

லைன் வீட்டின் படிப்பு

அந்தப் பள்ளத்தைத் தாண்டும் முதல் முயற்சியைத் தொழிலாளிகளே தொடங்கினார்கள் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் தமிழன் இதழைத் தொடங்கிய அதே 1907-ல், மாரிக்குப்பத்தில் தென்னிந்திய பௌத்த சங்கத்தின் கிளை ஏற்பட்டது. எம்.ஒய். முருகேசம் அதன் தூண்களில் ஒருவர். 1914-ல் அயோத்திதாசர் மறைந்தபின் நின்றுபோன தமிழன் இதழை, 1926-ல் தங்கவயலில் மறுபடி நடத்தியவர் கோ. அப்பாத்துரையார். சித்தார்த்த புத்தகசாலை இங்கிருந்து நூல்களை அச்சிட்டது. ஷிப்ட் முடிந்து வந்தவன் மண்ணெண்ணெய் விளக்கில் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

அந்த முன்னோர் படிப்பைச் சம்பளத்துக்கான வழியாக மட்டும் பார்க்கவில்லை, மானத்துக்கான வழியாகவும் பார்த்தார்கள். பின்னாளில் பொறியியல் கல்லூரிக்குப் போன பேரப்பிள்ளைகளின் கால் இந்தப் படியில்தான் முதலில் நின்றது.

நீதிமன்றத்தில் நின்ற சீட்டு

மைசூர் சமஸ்தானத்தில் 1917-ல் பெங்களூரில் பொறியியல் கல்லூரி தொடங்கியது. திவானாக இருந்த விசுவேசுவரய்யா அதற்குக் காரணமானவர். அடுத்த ஆண்டே மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார், பிற்பட்ட வகுப்பாருக்கு அரசுப் பணியில் இடம் பற்றி ஆராய நீதிபதி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். தகுதி கெடும் என்று கருதிய விசுவேசுவரய்யா பதவியை விட்டு விலகியதற்கு இதுவும் ஒரு காரணம். அணை கட்டிய மேதையும் நியாயம் தேடிய மன்னரும் இந்த ஒரு விஷயத்தில் வேறு வேறு பக்கம் நின்றார்கள். "தகுதியா, இடமா?" என்ற கேள்விக்கு நம் நாட்டில் அத்தனை வயது.

சென்னை மாகாணத்தில் இந்தக் கேள்வி பொறியியல் சீட்டின் பேரிலேயே வெடித்தது. அங்கே வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடத்தையும் இப்படிப் பிரித்தார்கள்: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிசனர் 2, ஆங்கிலோ-இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் 1, முஸ்லிம் 1. நான்கு அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் சேர்த்து இருந்த இடமே 395 தான். செண்பகம் துரைராஜன் வழக்கு என்றதும் மருத்துவக் கல்லூரிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு மனு, சி.ஆர். ஸ்ரீநிவாசன் என்ற மாணவர் பொறியியல் கல்லூரி இடத்துக்காகப் போட்டது. 1951-ல் உச்சநீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, 15-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு சேர்ந்தது. இன்று நம் பிள்ளைகள் எழுதும் கல்லூரி விண்ணப்பத்தில் உள்ள ஒரு கட்டத்துக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

நாம் வாழும் இந்த மாநிலத்திலும் அதே கதைதான். 1962-ல் மைசூர் அரசு பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் பிற்பட்டோருக்கு 50, தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 3 என்று 68 விழுக்காடு ஒதுக்கியது. பாலாஜி வழக்கில் அதே ஆண்டு உச்சநீதிமன்றம் அதைத் தள்ளி, ஒதுக்கீடு பொதுவாகப் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. நாடு முழுதும் இன்றும் பேசப்படும் அந்த 50 விழுக்காடு எல்லை, மைசூரின் இஞ்சினியரிங், மெடிக்கல் சீட்டில் பிறந்தது. மறு ஆண்டே அரசு புதிய முறை கொண்டு வந்தது. ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்கு மேற்படாத குடும்பம், அத்துடன் விவசாயம், சிறு வியாபாரம், கைத்தொழில், உடலுழைப்பு போன்ற தொழில் செய்வோர் என்று அளவு வைத்தது. 1964-ல் சித்திரலேகா வழக்கில் அந்த அளவுகோலை நீதிமன்றம் ஏற்றது. பாறை உடைப்பவன் மகன் என்பதே ஒரு கணக்காக, ஒரு நியாயமாக, அரசாணையில் ஏறியது சிறிய விஷயமல்ல.

பெண்களின் பாதை

வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊரில் குகைப்பள்ளி ஒன்று உண்டு. அங்குள்ள முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியரைச் சொல்கிறது. மடத்துக்குள் பிணக்கு எழுந்தபோது, அவரையும் அவர் மாணாக்கியரையும் காப்பதற்கும் உணவளிப்பதற்கும் ஊரார் பொறுப்பேற்றார்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண் ஆசிரியரும் பெண் மாணவரும் இருந்தார்கள் என்பதோடு இன்னொரு செய்தியும் இதில் உண்டு. இடம் கொடுத்தால் மட்டும் போதாது. காக்கவும் சோறு போடவும் ஊர் முன்வர வேண்டும். இந்த இரண்டாவது செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படிக்க ஏ. லலிதா சேர்ந்தார். சென்னைத் தெலுங்குக் குடும்பம். 15 வயதில் திருமணம். 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். தகப்பனார் பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோ இணங்கினார். தனியே ஒரு பெண் எப்படி இருப்பாள் என்று, லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்னும் இருவரும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்ததால், அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். நம் கர்நாடகத்தில் ராஜேஸ்வரி சாட்டர்ஜி 1943-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, மைக்ரோவேவ் துறையில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார்.

இவர்களுக்கு வீட்டுத் துணையும் வசதியும் இருந்தன. லைன் வீட்டுப் பெண்ணுக்கு? தங்கவயலில் பெண்கள் மேல்தளத்தில் கல் பொறுக்கும் வேலை செய்தார்கள். 1952-ன் சுரங்கச் சட்டம் நிலத்தடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாதென்றது. காப்பதற்காக வந்த சட்டம்தான். ஆனால் வேலை இல்லை என்றால் அந்த வேலைக்கான படிப்பில் பெண்ணை யார் சேர்ப்பார்கள்? சுரங்கப் பொறியியல் வகுப்பு பெண்ணில்லாத வகுப்பாகவே நீண்ட காலம் கிடந்தது. 2019-ல் மத்திய அரசு நிலத்தடி வேலைக்கும் பெண்களை அனுமதித்தது. 2021-ல் ஆகாங்க்ஷா குமாரி என்ற இளம் பொறியாளர் ஜார்க்கண்டில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் பணியேற்றார். வகுப்பறைப் பூட்டின் சாவி சில சமயம் வேலைத்தளத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

கம்ப்யூட்டர் படிப்பில் நிலைமை வேறு. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியோரில் பெண்கள் 1980-களின் நடுவில் 37 விழுக்காடு வரை இருந்து, 2010 வாக்கில் 18 அளவுக்குச் சரிந்தார்கள். அங்கே அது பையன்களின் விளையாட்டுப் பொருளாகப் பேர் வாங்கிவிட்டது. இங்கே தாய்மார்கள், "வெயிலில் நிற்க வேண்டாம், ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை" என்று கணக்குப் போட்டுப் பெண்களை அதிலேயே சேர்த்தார்கள். எந்தப் படிப்பு யாருக்கு உரியது என்பது இயற்கை விதித்ததல்ல, ஊர்ப்பேச்சு விதித்ததே என்பது இதனால் விளங்கும். ஆனால் உச்சியில் உள்ள ஐ.ஐ.டி.களில் பெண்கள் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருந்தார்கள். 2018 முதல் கூடுதல் இடம் ஏற்படுத்தி அதை இருபதுக்குக் கொண்டுவரும் முயற்சி நடந்தது.

கல்லூரி வந்தது, சுரங்கம் மூடியது

1986-ல் கோல்டன் வேலி பொறியியல் கல்லூரி உரிகத்தில் தொடங்கியது. இன்று அது டாக்டர் தி. திம்மய்யா பெயரால் வழங்குகிறது. சுரங்கப் பொறியியலும் அங்கே உண்டு. தாத்தா இறங்கிய பாறையைப் பற்றிப் பேரன் பாடமாகப் படிக்கும் காலம் வந்தது. ஆனால் காலம் வந்த வேகத்தில் சுரங்கம் ஓய்ந்தது. 1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மத்திய அரசும் ஏற்று, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்றான நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள்.

என் கடைக் கணக்கு நோட்டு அப்போது எனக்கு ஒரு வரலாற்றுப் பாடம் சொன்னது. முன்பெல்லாம் தீபாவளிக்கு, பொங்கலுக்குத்தான் பாக்கி ஏறும். 2001-க்குப் பிறகு ஜூன், ஜூலையில் ஏறத் தொடங்கியது. "செட்டியாரே, இந்த மாசம் பொறுத்துக்குங்க, பாப்பாவுக்கு பீஸ் கட்டணும்." நயினார் என்று சொல்லத் தெரியாமல் என்னைச் செட்டியார் என்றே அழைப்பார்கள், போகட்டும். அரிசியைக் குறைத்தார்கள், எண்ணெயைக் குறைத்தார்கள். நோட்டுப் புத்தகத்தைக் குறைத்ததை நான் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் மாரிக்குப்பம் ரயிலில் விடியுமுன் ஏறி பெங்களூர் போய்ப் படித்தார்கள், வேலை தேடினார்கள். தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் போன புதிய தங்கம் அவர்கள்தான்.

சேர்வது வேறு, நிலைப்பது வேறு

இங்கேதான் இக்கட்டுரையின் மையம். சட்டம் வாசலைத் திறந்தது. ஆனால் வெளிமாநிலத் தமிழ்ப் பிள்ளை அந்த வாசலுக்குள் போய் நிலைப்பதற்கு மூன்று தடைகள் உண்டு.

முதலாவது, காகிதம். ஆதிதிராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம், ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தச் சலுகை கூடவே வராது என்று தீர்த்தது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எங்கே நிலையாக இருந்தது என்பதே கேள்வி. தங்கவயலின் பழங்குடிகள் அதற்கு முன்பே வந்தவர்கள்தான். ஆனால் அதைக் காட்ட வேண்டாமா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பேத்தியின் சான்றிதழுக்காகப் பல மாதம் அலைந்து, கடைசியில் கொள்ளுத்தாத்தாவின் பழைய சுரங்கச் சம்பளச் சீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்த பிறகே வழி பிறந்தது. சுரங்கம் மூடியதும் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டவர்கள் எத்தனை பேர்!

இரண்டாவது, மொழி. கர்நாடகப் பொது நுழைவில் கிராமப்புறத்தில் படித்தவருக்கு 15 விழுக்காடும், கன்னட வழியில் படித்தவருக்கு 5 விழுக்காடும் உண்டு, நியாயமே. தமிழ்நாட்டில் 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்பைத் தமிழிலேயே தொடங்கியது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு ஒதுக்கியது, அதுவும் நியாயமே. தங்கவயல் நகர எல்லைக்குள் தமிழ் வழியில் படித்த பிள்ளை கிராமமும் அல்ல, கன்னட வழியும் அல்ல, தமிழ்நாடும் அல்ல. அவனுடைய மொழிச் சுமை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. முதல் பருவத்தில் கணிதமும் ஆங்கிலமும் ஒன்றாக வந்து மோதும்போது, "எனக்கு மூளை இல்லை" என்று அவனே தீர்ப்பு எழுதிக்கொள்கிறான். மூளை இருக்கிறது, சொல்தான் இல்லை.

மூன்றாவது, தகுதி என்ற பேச்சு. ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 1973-ல் ஒதுக்கீடு வந்தது, பிற்பட்டோருக்கு 2008-ல். மானிடவியலாளர் அஜந்தா சுப்ரமணியன் 2019-ல் சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து எழுதிய நூலில், பரம்பரையாக வாய்த்த வசதியே தகுதி என்ற பெயரில் எப்படி உலாவுகிறது என்று காட்டியிருக்கிறார். "கோட்டாவில் வந்தவன்" என்ற ஒரு வார்த்தை, ஒரு மாணவனை வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்க விடாமல் செய்துவிடும். இதைச் சொல்பவர்களில் தமிழர்களும் உண்டு; நம் சங்கத்து வீடுகளிலும் உண்டு. வெளியூரில் "நாமெல்லாம் தமிழர்" என்று கைகோத்து நின்றுவிட்டு, பிள்ளைகளின் சீட்டு விஷயத்தில் மட்டும் "அவங்களுக்கு ஈசியா கிடைச்சிடுது" என்று பேசுவது எந்த விதத்தில் முறை? கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரே ரயிலில் வந்தோம். ஆனால் நான் பெட்டிக்கடை வைக்கக் கைமுதலோடு வந்தவன் பேரன். அவர் வெறுங்கையோடு வந்தவர் பேரன். பந்தயக் கோட்டை எங்கிருந்து போடுவது என்று யோசிக்க வேண்டாமா?

நாம் செய்யக்கூடியவை

சமணத்தில் தானம் நான்கு: உணவு, மருந்து, அபயம், சாத்திரம். நான்கும் சேர்ந்தால்தான் ஒருவன் படிக்க முடியும் என்று அதற்கு நான் பொருள் கொள்கிறேன். அரசு தருவது இடம். மற்றதில் ஒரு பங்கைச் சங்கங்கள் தரலாம்.

பழைய சுரங்கச் சீட்டு, குவார்ட்டர்ஸ் காகிதம், பள்ளிச் சேர்க்கைப் பதிவு ஆகியவற்றின் நகலை ஒரே இடத்தில் சேர்த்து வைக்க ஒரு பீரோ போதும். பி.யு.சி. முடித்தவுடன் கிடைக்கும் இரண்டு மாத விடுமுறையில், கணிதச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லித்தர நம்மிடையே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் தங்கவயல் பெண்கள் மாதம் ஒருமுறை இங்கு வந்து லைன் வீட்டுப் பெண்களோடு பேசினால், தாய்மாருக்கும் தைரியம் வரும். விழா மேடைக்குச் செய்யும் செலவில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். வியாபாரியாகச் சொல்கிறேன், இதைவிட நல்ல முதலீடு கிடையாது.

தங்கவயலின் பூமியிலிருந்து ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே போனது. அதை எடுத்தவர்களுக்கு மிஞ்சியது சயனைடு மணல் மேடும் நெஞ்சுச் சளியும்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பொறியியல் வகுப்பில் உட்கார்வது யாரும் போடும் பிச்சை அல்ல, நெடுநாள் பாக்கி. கடைக்காரனுக்குத் தெரியும், பாக்கியை வட்டியோடு கட்டினால்தான் கணக்கு நேராகும். அந்தக் கணக்கை நேராக்கும் பணியில் இந்த மலரைப் படிக்கும் ஒவ்வொரு வீடும் ஒரு கை கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.